வாடாத இலையும் முளைக்காத வாலும்

லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப்பக்கம் தமிழர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போய், இந்த மேடை அலங்காரம் யாருடையது என்று கேட்பவர் நிச்சயமாக ஊருக்குப் புதியவர். பீற்றரைத் தவிர வேறு யார்? கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு, முதல்நன்மை, வெள்ளிவிழா எல்லாவற்றுக்கும் அதே வெள்ளை ஓர்க்கிட், அதே ரோசாப் பந்து, அதே பச்சைக் கொடி. துணி, பிளாஸ்ரிக், கம்பி மூன்றும் சேர்ந்து பிறந்த அந்தப் பூக்களுக்கு மரணமில்லை. வார நாள்களில் ஹவுன்ஸ்லோவில் சரக்குக் கிடங்கு ஷிப்ட், வார இறுதிகளில் ஏணியும் ஸ்டேப்பிளருமாக மண்டபம் மண்டபமாக ஓட்டம் என்று அவருடைய லண்டன் வாழ்க்கை கழிந்துவிட்டது. என்னுடைய பூ ஒன்றாவது வாடியதா என்று சவால் விடுவார். வாடவில்லைதான். தூசி பிடித்தது, நிறம் மங்கியது, ஒன்றிரண்டின் தலை கழன்று மணமகளின் மடியில் விழுந்தது. ஆனால் வாடியதாக ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் அஜித்தா, தன் கலியாணத்துக்கு ஒறிஜினல் பூதான் வேண்டும் என்றாள். குரோய்டனில் ஒரு பூக்காரரிடம் பேசியும் விட்டாளாம். இறைச்சிக்கடைக்காரரின் மகள் சைவமாகிவிட்டேன் என்று வந்து நின்றால் தகப்பனுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் பீற்றருக்கும் இருந்தது. ஊரெல்லாம் மேடை போட்டவனின் மகள் வேறொருவனின் மேடையில் இருந்தால் சனம் என்ன சொல்லும்? அவருக்கு அதுதான் கவலை என்று அவரே நம்பினார். உள்ளே அதைவிட எளிய சங்கதி ஒன்று இருந்தது. மகளுடைய மேடையைத் தன் கையால் கட்டவேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து ஆசைப்பட்டிருந்தார். வேறு எதையும் அவர் அவளுக்கு இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவரல்ல.

மாப்பிள்ளை திவாகர் மலேசியத் தமிழன், ஈப்போக்காரன். படிக்க வந்து, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் நல்ல உத்தியோகம் பார்த்து, லண்டனிலேயே தங்கிவிட்டவன். மரியாதையான பொடியன், ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வந்தால் பிரசங்கத்தின்போது தொலைபேசியை நோண்டமாட்டான். குறை என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அவன் பல்லி வளர்த்தான்.

அது பல்லி அல்ல, கிரெஸ்டட் கெக்கோ என்று அவன் பலமுறை விளக்கினான். பீற்றர் பலமுறை தலையாட்டிவிட்டுப் பல்லி என்றே சொன்னார். ஊரில் விளக்குமாற்றால் அடித்துத் துரத்திய சீவனை இங்கே காசு கொடுத்து வாங்கி, அதற்குப் பழக்கூழ் கரைத்துக் கொடுத்து, பெயரும் வைத்திருந்தார்கள். மைலோ என்ற சொக்லேற் பானத்தின் நிறத்தில் இருந்ததால் மைலோ. கண்ணுக்கு மேலே இமைமயிர் மாதிரி முள் வரிசை. எந்த நேரமும் யாரோ சொன்ன செய்தியைக் கேட்டுத் திகைத்துப்போனது போல ஒரு முகம்.

கலியாணத்துக்கு முன்னர் மாப்பிள்ளையின் தாய் தகப்பனைப் பார்த்துவர அஜித்தாவும் திவாகரும் ஈப்போவுக்குப் புறப்பட்டபோது, மைலோ மிச்சத்துக்கு வந்தது. கூடவே அதற்கென்று புதிதாக வாங்கிய, இடுப்பளவு உயரமான கண்ணாடிப் பெட்டியும் வந்தது. மேலே விளக்கு, கீழே மண், நடுவில் ஒரு காய்ந்த கிளை. வேறொன்றுமில்லை. ஏறவும் ஒளியவும் செடிகள் வேண்டும் என்றான் திவாகர். உண்மைச் செடி என்றால் ஈரம் நிற்கும், செயற்கை என்றால் கழுவி வைக்கலாம், இரண்டும் நல்லதுதான், அங்கிளுக்குத் தெரியாததா என்று மிகப் பணிவாக முடித்தான். பணிவு சில நேரம் எவ்வளவு ஆபத்தானது என்று அவனுக்குத் தெரியாது.

"செயற்கைதான்" என்றார் பீற்றர், வசனம் முடிவதற்குள்.

"உண்மைச் செடிதான் வேணும்" என்றாள் அவர் மனைவி எமில்டா, அவர் முடிப்பதற்குள்.

எமில்டாவுக்குப் பல்லியின் நலனில் அக்கறை வந்த காரணத்தைச் சொல்லவேண்டும். அவளுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் கோடையில் தளிர்க்கும். குளிர் தொடங்க, யன்னல் ஓரத்தில் வைத்தாலும் ஹீற்றர் பக்கத்தில் வைத்தாலும், இலை இலையாக உதிர்த்துவிட்டு ஈர்க்கிலாக நிற்கும். பிறகு புதுக்கன்று, புது நம்பிக்கை. இப்போது அவள் வரவேற்பறைக்குள் விளக்கும் இளஞ்சூடும் இருவேளைத் தண்ணீர்த் தெளிப்புமாக ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் எரிவாயு பில்லுக்குப் பயந்து வீட்டுக்குள் கம்பளி ஜம்பர் போட்டுக்கொண்டு திரிய, இந்தப் பெட்டிக்குள் மட்டும் யாழ்ப்பாணம். கடவுள் படைத்த சீவனை பிளாஸ்ரிக்குக்குள் விடுவது பாவம் என்று எமில்டா அன்றுதான் கண்டுபிடித்தாள்.

அஜித்தா பூச்சண்டையால் ஏற்கனவே அலுத்திருந்தாள். பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றபடி, தப்பினால் போதும் என்று ஒரு பகிடி விட்டாள்.

"அப்பா, மைலோ எதில போய்ப் படுக்குதோ அதையே கலியாணத்துக்கும் வைப்பம். சரிதானே?"

மகளுக்கு அது பகிடி. தகப்பனுக்கு அது சட்டம். அவள் விமான நிலையம் போய்ச் சேருமுன்னரே பீற்றர் சாமான் வைக்கும் லொக்கப் கராச்சிலிருந்து மூன்று பெட்டி இலை கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

பெட்டியை இரண்டாகப் பிரிப்பது என்று உடன்பாடாயிற்று. இடது பக்கம் எமில்டாவின் மணி பிளாண்டும் கறிவேப்பிலையும். வலது பக்கம் பீற்றரின் ஐவிக் கொடியும் பன்ன இலையும், அழகுக்கு ஒரு வெள்ளை ஓர்க்கிட்டும். நடுவில் காய்ந்த கிளை, எல்லைக்கோடு. மைலோ எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. இந்த நாட்டில் வாக்கெடுப்பு வைத்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று இருவரும் கண்ணால் கண்டவர்கள். இருந்தும் வைத்தார்கள்.

மைலோ கண்ணாடியில் படுத்தது. இடமும் இல்லை, வலமும் இல்லை. முன்கண்ணாடியின் நட்டநடுவில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, பகல் முழுவதும் பார்ப்பவர்களுக்குத் தன் வெளிறிய தொப்பையைக் காட்டியபடி தூங்கியது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. உலகத்தில் உள்ள பசுமை எல்லாவற்றையும் காலடியில் கொண்டுவந்து கொட்டியும் கண்ணாடியைப் பிடித்துத் தொங்கும் இந்தப் பிராணியைப் பீற்றர் மெல்ல வெறுக்கத் தொடங்கினார்.

ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணிக்கு வந்தவர்களும் வந்து பார்த்தார்கள். எமில்டாவின் சினேகிதி வசந்தமலர் பெட்டிக்குள் நெடுநேரம் குனிந்து பார்த்தாள். பல்லியைத்தான் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இது எங்கட கோசிகான்ர சாமத்தியவீட்டுக்குக் கட்டின இலை எல்லே?" என்றாள். "இந்த ஓரத்தில கேக் கிறீம் பட்டதைக் கழுவச் சொன்னனான். இன்னும் இருக்கு."

கோசிகா இப்போது பல்கலைக்கழகம் முடித்துவிட்டாள். கறை படித்து முடிக்கவில்லை. பீற்றர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் என்று வந்தால் முறைகேடும் வரத்தானே வேண்டும். எமில்டா தண்ணீர் தெளிக்கும்போது தன் பக்கம் மட்டும் மழை பெய்தது. வலது பக்கத்தில் நிரந்தர வறட்சி. மைலோ இலையில் நிற்கும் துளிகளை நக்கித்தான் தண்ணீர் குடிக்கும் என்று திவாகர் சொல்லியிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பீற்றர் அதற்குப் பதிலாக, பழக்கூழ்க் கிண்ணத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தன் ஓர்க்கிட்டின் அடியில் கொண்டுவந்து நிறுத்தினார். மைலோ வலது பக்கம் போய்ச் சாப்பிட்டது, இடது பக்கம் போய்க் குடித்தது, திரும்பி வந்து கண்ணாடியில் படுத்தது. கறிவேப்பிலை மட்டும் இந்த அரசியல் ஒன்றும் தெரியாமல் மாசிக் குளிரில் புதுத்தளிர் விட்டது. எமில்டா அதைப் படமெடுத்துப் பங்குக் கோயில் சனம் முழுவதற்கும் அனுப்பினாள். பல்லி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய தபசு காலம் தொடங்கியது. தபசு காலத்தில் கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் கலியாணம் இல்லை, சைவக்காரர் வீட்டில் உண்டு. அதனால் பீற்றரின் தொழிலுக்கு ஓய்வில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எமில்டா சிலுவைப்பாதைக்குப் போக, மறுநாள் வேலைக்கான வாசல் வளைவைக் கட்டவேண்டும் என்று சொல்லிப் பீற்றர் வீட்டில் நின்றுவிட்டார். வரவேற்பறை முழுவதும் ஐவிக் கொடி. வளைவின் ஒரு பாதி சோபாவில் சாய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அஜித்தா ஈப்போவிலிருந்து செய்தி அனுப்பினாள்: மைலோவின் படம் ஒன்று அனுப்புங்கோ அப்பா.

பீற்றர் கண்ணாடியைப் பார்த்தார். மைலோ அதே தொப்பையுடன் அதே இடத்தில் தூங்கியது. இதைப் படமெடுத்து என்ன பயன்? மேடையில் மணமகள் சரியாக உட்காராவிட்டால், அலங்காரக்காரன் போய்ச் சேலையைக் கொஞ்சம் இழுத்துவிடுவதில்லையா? அது பொய்யா? அதே நியாயத்தில், தூங்குகிற பல்லியை மெதுவாக எடுத்து, அந்த வெள்ளை ஓர்க்கிட்டின் மேல் வைத்து, ஒரே ஒரு படம். அவ்வளவுதான்.

கதவைத் திறந்தார். எடுத்தார். மைலோ விழித்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றை அவரால் ஒழுங்காக நினைவுபடுத்த முடியவில்லை. ஏதோ ஒன்று அவர் தோளில் பட்டது, பிறகு சோபாவில் பட்டது, பிறகு எங்கும் இல்லை. கையைப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வால் இருந்தது. அது மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பீற்றர் பயந்துபோனார். அறுபது வயதை எட்டப்போகிற மனிதர், கார்ப்பெட்டில் விழுந்து துள்ளுகிற வாலுக்கு முன்னால் முழங்காலில் நின்று, அந்தோனியாரே என்று கூப்பிட்டார். காணாமற்போன பொருளுக்கு அந்தோனியார்தான் பொறுப்பு. வால் ஒருவாறு அடங்கியதும் முதல் காரியமாக அதை ரிசுத் தாளில் சுற்றி, பெட்டிக்குள் கறிவேப்பிலையின் அடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தார். எமில்டா ஒருநாளும் தோண்டமாட்டாத இடம் லண்டனிலேயே அது ஒன்றுதான்.

பிறகு தேடினார். திரைச்சீலை, சோபாவின் அடி, மாதா சுரூபத்தின் பின்பக்கம், தொலைக்காட்சியின் பின்பக்கம். யன்னல் ஓரத்தில் எமில்டாவின் மற்றச் சாடிகள் இருந்தன. துளசி, கற்றாழை, உயிருள்ள செடிகள். அவற்றில் இலை இலையாகப் பார்த்தார். இல்லை. கடைசியில் மிஞ்சியது வளைவு. அதுவரை கட்டிய கொடியை முடிச்சு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினார்.

சிலுவைப்பாதையிலிருந்து திரும்பிய எமில்டா, கணவர் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து பிளாஸ்ரிக் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டாள். கழுவப் போறன் என்றார் பீற்றர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் ஓர் இலையைக் கழுவி அவள் பார்த்ததில்லை. தபசு காலத்துக்கு ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு மேலே படுக்கப் போய்விட்டாள்.

வளைவின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஓர் இலையின் மறுபக்கத்தில், மைலோ இருந்தது. இலையின் நரம்பில் தாடையை வைத்து, நான்கு காலையும் பரப்பி, தொட்டிலில் கிடப்பது போலக் கிடந்தது. உயிருடன் கண்ட சந்தோசத்தில் பீற்றருக்குக் கண் கலங்கியது. அடுத்த கணம் இன்னொரு சந்தோசம் வந்து முதல் சந்தோசத்தைத் தள்ளிவிட்டது. வீடு முழுவதும் திறந்து கிடக்க, துளசியும் கற்றாழையும் கூப்பிடு தூரத்தில் இருக்க, இந்தப் பல்லி தேடிப்பிடித்து ஏறியது எதில்? அவருடைய இலையில். பிளாஸ்ரிக் இலையில். தேர்தலில் வென்றுவிட்டார்.

வென்றதை யாரிடம் சொல்வது? பல்லி வெளியே எப்படி வந்தது என்று கேட்பார்களே. வாழ்நாளில் கிடைத்த ஒரே வெற்றியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, மைலோவைப் பெட்டிக்குள் விட்டு, வளைவைத் திரும்பக் கட்டினார்.

காலையில் எமில்டா முதலில் கண்டது வாலைத்தான், அதாவது வால் இல்லாததை. தானாகக் கழற்றிப்போட்டிருக்கும் என்றார் பீற்றர். பெட்டிக்குள் விழுந்த வால் எங்கே என்று அவள் கேட்கவில்லை. பல்லி வாலைக் கழற்றுவதும் அது திரும்ப முளைப்பதும் அவளுக்குப் புதினமில்லை. மன்னாரில் அவள் பிறந்த வீட்டுச் சுவரில் அரை வாலும் முக்கால் வாலுமாக எத்தனையோ ஓடித்திரிந்தன.

"அது முளைச்சிடும்" என்றாள். "பிள்ளையள் வரமுன்னம் முளைச்சாச் சரி."

இதில் மட்டும் கணவனும் மனைவியும் ஒரு கட்சியானார்கள். எல்லைக்கோடு மறைந்தது. பழக்கூழ் இருமடங்காயிற்று. வோல்சிங்கம் யாத்திரையில் மாதா உருவப் போத்தலில் பிடித்துவந்த தீர்த்தத்தை எமில்டா தெளிப்பானில் கலந்தாள். இந்த முறை இரண்டு பக்கமும் மழை பெய்தது. பீற்றர் காலையும் மாலையும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மைலோவின் பின்புறத்தை ஆராய்ந்தார். ஷிப்டுக்குப் போகிற மனிதன் போகுமுன் பார்க்கிற காட்சி அதுவாயிற்று. காயம் ஆறியது, தோல் மூடியது, மழமழவென்று ஒரு மொட்டை வந்தது. மொட்டைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பிள்ளைகள் ஈப்போவிலிருந்து வந்து இறங்கினார்கள். மைலோவை எடுத்துப்போக எப்போது வரலாம் என்று அஜித்தா கேட்டாள். எமில்டாவுக்குக் காய்ச்சல் என்றார் பீற்றர். அடுத்த வாரம் கேட்டாள். காய்ச்சல் பீற்றருக்கு மாறியிருந்தது. அதற்கடுத்த வாரம் இருவருக்கும் இருமல். பல்லிக்கு வால் முளைக்க எவ்வளவு காலம் வேண்டும் என்பதை அவர்கள் ஊரில் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. அங்கே பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை, அது யாருடைய மருமகனுடைய பல்லியும் அல்ல.

கடைசியில் பீற்றர் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தார். மெல்லிய கம்பியை எடுத்து, பழுப்புத் துணியைச் சுற்றி, பூக்காம்புக்குச் சுற்றுகிற ஒட்டு ரேப்பை மிக நுணுக்கமாக ஒட்டி, ஒரு வால் செய்தார். அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு, நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன வளைவு. தேயிலைச் சாயத்தில் நனைத்து நிறமேற்றினார். இத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு அழகாக அவர் எதையும் செய்ததில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். எமில்டாவும் வந்து பார்த்தாள்.

"வடிவாய்த்தான் இருக்கு" என்றாள். "எப்பிடி ஒட்டப் போறியள்?"

அந்தக் கேள்வியைப் பீற்றர் அதுவரை யோசிக்கவில்லை. யோசிக்கத் தொடங்கிய நேரத்தில் வாசல் மணி அடித்தது. அஜித்தா ஒரு கையில் சூப் பாத்திரத்துடனும் பின்னால் திவாகருடனும் நின்றாள். வாரக்கணக்கில் இருமுகிற பெற்றோரைப் பார்க்கப் பிள்ளைகள் சொல்லாமல் வந்துவிடுவார்கள் என்பதும் அவருடைய திட்டத்தில் இல்லாத சங்கதி.

அஜித்தா சூப்பை மேசையில் வைத்தாள். வாலைக் கண்டாள். எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

பொய் ஒன்று பீற்றரின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் திவாகர் அதற்குள் பெட்டியின் முன் குந்திக்கொண்டு, கதவைத் திறந்து, கண்ணாடியில் படுத்திருந்த மைலோவின் மொட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏசியிருந்தால் பீற்றர் தாங்கியிருப்பார். அந்த ஒற்றை விரலை அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் தம்பி" என்றார். "படம் எடுக்கிறதுக்குத் தூக்கினனான். வால் என்ர கையோட வந்திட்டுது. முளைக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்."

திவாகர் திரும்பினான். "முளைக்காது அங்கிள். இந்த வகைக்கு வால் ஒரு தடவைதான். போனா போனதுதான்."

எமில்டா விட்டுக்கொடுக்கவில்லை. பல்லிக்கு வால் முளைக்கும், தான் கண்ணால் கண்டது என்றாள். வீட்டுப் பல்லிக்கு முளைக்கும் ஆன்ட்டி, ஈப்போவில் நானும் பார்த்திருக்கிறேன், இது அது இல்லை என்றான் அவன் பொறுமையாக. வால் இல்லாமலே பல காலம் நன்றாக இருக்கும், மைலோவுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னான். பீற்றரின் காதில் விழுந்தது முளைக்காது என்ற ஒரு சொல்தான். வாரக்கணக்காகப் பழக்கூழும் தீர்த்தமும் கொடுத்தது ஒரு மொட்டைக்கு. அவருக்கு வெட்கமாக இருந்தது.

அஜித்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வால் இன்னும் அவள் கையில் இருந்தது. கை நழுவிய பிறகு மைலோவை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாள்.

"சனிக்கிழமைக்குக் கட்டின வளைவில. இலைக்குக் கீழ படுத்திருந்தது."

எமில்டா இதை இப்போதுதான் கேள்விப்படுகிறாள். கழுவின இலை, நேர்த்தி வைத்த இலை எல்லாம் அவள் முகத்தில் வரிசையாகப் போயின. அஜித்தா சிரித்துவிட்டாள்.

"அப்ப அது உங்கட பிளாஸ்ரிக்கைத்தான் தெரிஞ்செடுத்திருக்கு. நீங்கள் வெண்டிட்டீங்கள் அப்பா."

இந்த வசனத்தை மகளின் வாயால் கேட்கத்தான் பீற்றர் கிண்ணத்தை நகர்த்தினார், சிலுவைப்பாதையைக் கைவிட்டார், ஓர் உயிரைக் கையால் பிடித்து இழுத்தார். இப்போது அது வந்துவிட்டது. அவர் பெட்டியைப் பார்த்தார். மைலோ இருவரையும் பார்க்காமல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அது பயத்தில ஒளிச்சது. ஒளிக்கிறதுக்கு என்ர இலை நல்லதுதான். அதை விருப்பம் எண்டு சொல்லேலாது." பிறகு, "நீ குரோய்டன்காரருக்கே சொல்லு" என்றார்.

சொல்லி முடித்ததும் மனம் லேசாகும் என்று நினைத்தார். ஆகவில்லை. மகளுக்கென்று வைத்திருந்த மேடை முழுவதையும் அந்த ஒரு வசனத்தில் கழற்றிக் கீழே இறக்கியது போலத்தான் இருந்தது.

அஜித்தா சிரிப்பதை விட்டாள்.

"அப்பா, எனக்குப் பூவில பிரச்சினை இல்லை. பிளாஸ்ரிக் எண்டாலும் ஒண்டுதான், ஒறிஜினல் எண்டாலும் ஒண்டுதான்." வாலை மேசையில் வைத்தாள். "லண்டனில எல்லாற்ற அல்பத்திலயும் உங்கட பூ இருக்கு. ஒண்டிலயும் நீங்கள் இல்லை. என்ர முதல்நன்மைப் படத்திலயும் நீங்கள் இல்லை. சனம் கோயிலில பூசையில நிக்கேக்க நீங்கள் மண்டபத்தில ஏணியில நிப்பீங்கள். என்ர கலியாணத்திலயும் ஏணியிலதான் நிப்பீங்கள்."

இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று எமில்டா கேட்டாள்.

"சொன்னா, இரண்டையும் செய்வன் எண்டுவார்" என்றாள் அஜித்தா.

பீற்றர் வாயைத் திறந்திருந்தார். இரண்டையும் செய்யலாம், விடியவே போய்க் கட்டினால் பூசைக்கு வந்துவிடலாம் என்று சொல்லத்தான் திறந்தது. மூடிக்கொண்டார். எத்தனையோ கலியாணங்களுக்கு மேடை போட்ட மனிதர். தன் சொந்தக் கலியாணத்தை விட்டால், தேவாலயத்துக்குள் கலியாணம் எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். மண்டபத்துக்குச் சனம் வந்து இறங்குவதிலிருந்துதான் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முந்திய பகுதி முழுவதும் வெற்றிடமாக இருந்தது.

"அப்ப பூசையில நான் எங்க நிக்கிறது?" என்றார்.

"என்ர பக்கத்தில" என்றாள் மகள். "நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போறது."

எமில்டாவுக்கு அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் தெளிக்கவேண்டி வந்தது. திரும்பி நின்று நெடுநேரம் தெளித்தாள். சூப் ஆறியது. அன்றே மைலோ புதுப்பெட்டியோடு போகவேண்டியிருந்ததால், கறிவேப்பிலையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. திவாகர் கன்றை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டான். வேர் அறுந்துவிடும், குளிர் போகும்வரை அதுவும் உங்களோடு இருக்கட்டும் என்றாள் எமில்டா. பிறகு, கன்றின் உரிமை யாருடையது என்பதில் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று, கைகொள்ளுமளவு இலையை அங்கேயே பறித்துக்கொண்டாள். அதன் அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று பீற்றர் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லத் தேவையில்லை.

கலியாணம் ஆனி மாதத்தில் நடந்தது. பீற்றர் புதுச் சூட் போட்டு, மகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை போனார். இந்தக் கதையில் அவர் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். குரோய்டன்காரரின் ஓர்க்கிட்டுகள் காலையில் அற்புதமாக இருந்தன. மண்டபத்தில் கேக் வெட்டுமுன்னரே தலை தொங்கத் தொடங்கின. பீற்றர் அதை எமில்டாவிடம் சொன்னார், வசந்தமலரிடம் சொன்னார், படப்பிடிப்பாளரிடமும் சொன்னார். ஒருமுறை தன்னை மறந்து எழுந்து மேடைப் பக்கம் போகவும் பார்த்தார். மகள் மேடையிலிருந்தே பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தார். பிறகு குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தப் படம் இப்போது மிச்சத்து வீட்டில், கண்ணாடிப் பெட்டி நின்ற இடத்தில் மாட்டியிருக்கிறது. பீற்றருக்கு நேர் பின்னால் ஓர் ஓர்க்கிட் முற்றாகத் தலை தொங்கிப்போயிருக்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை.